தைத்துக் கட்டிய கார்

நர்ஸம்மாவின் காருக்குத் தரை கழன்று விழுந்தது நாடு குடியரசான ஆண்டில், ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. என் நோட்டில் முதலில் சனி என்று எழுதி அடித்திருக்கிறேன். வெள்ளிதான். அன்று மாலை அவர் வீட்டில் மீன் குழம்பு கொதித்தது எனக்கு நினைவிருக்கிறது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. சனிக்கிழமையாக இருந்தால் நிச்சயம் ஆட்டுக்கறி மணந்திருக்கும்.

நான் அப்போது துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. ராயபுரத்தில் நர்ஸம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். ஒரு தர்ம மருந்தகத்துக்காகத் திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர் வரைக்கும் உள்ள மீனவர் குப்பங்களில் பிரசவம் பார்த்துவந்தார். அவரிடம் கார் இருந்ததால்தான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. ஜட்காவில் போனால் எண்ணூருக்குப் பாதி நாள் ஆகும். பிரசவம் அதுவரை காத்திருக்காது.

அந்தக் கார் இருபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் செய்தது. நான்கு பேர் உட்காரலாம். மரச்சட்டத்தின் மேல் தகடு, தலைக்கு மேல் மடக்கிவிடும் கான்வாஸ் கூரை, பக்கங்களில் கண்ணாடி கிடையாது. துறைமுகத்து இங்கிலீஷ் என்ஜினீயர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தம் மனைவிக்கு இரண்டு பிரசவமும் பார்த்த நர்ஸம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். எண்ணூர் உப்பளத்துப் பாதைகளில் ஓட்டிப் பழகினார் நர்ஸம்மா. முதல் மூன்று வாரங்களில் இரண்டு முறை உப்புக் குவியலில் ஏறியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலடிப்பேட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையின் கீழே இருந்த பலகை உளுத்துக் கழன்று ரோட்டில் விழுந்தது. அதன் மேல் வைத்திருந்த மருந்துப் பையும் கூடவே விழுந்தது. அவருக்குத் தெரியாது, போய்க்கொண்டே இருந்தார். பின்னால் வந்த ஜட்காக்காரர் பையை எடுத்துக்கொண்டு குதிரையை விரட்டி வந்து மடக்கினார்.

"இன்னா நர்ஸம்மா, ஊருக்கெல்லாம் நீ பிரசவம் பாக்குற. உன் வண்டி நடுரோட்ல குட்டி போட்டுட்டுப் போய்க்கினே கீது, அத்த யாரு பாக்குறது?"

இதை நர்ஸம்மாவே மாடிப்படியில் நின்று எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டே. மறுநாள் சிரிப்பு இல்லை. மவுண்ட் ரோடு பக்கத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டியிருக்கிறார். கடல் காற்றில் சட்டம் முழுக்க உளுத்துவிட்டது, என்ஜின் நன்றாக இருக்கிறது, மேல் உடம்பைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தகத்து டாக்டர் அக்டோபர் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன் என்றார். அதற்குள் ஓடும் வண்டியையும் அதற்கு உரிய பதிவுப் புத்தகத்தையும் காட்டாவிட்டால், நர்ஸம்மா நகரத்து ஆஸ்பத்திரி வார்டுக்குத் திரும்ப வேண்டும். எண்ணூர்ப் பக்கத்துக்கு வேறு ஆள் கிடைக்கும்போது அனுப்புவார்கள்.

"கெடைக்கும்போதுன்னா எப்போ?" என்று நர்ஸம்மா டாக்டரைக் கேட்டாராம். அவர் காலண்டரைப் பார்த்தாராம்.

இந்தச் சமயத்தில்தான் ஓடாவி வந்தார். படகு கட்டும் தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். ராயபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் அவருக்கு வீடு. அவருடைய நான்கு பிள்ளைகளும் நர்ஸம்மாவின் கையில் பிறந்தவர்கள். வீட்டு வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னா மரம்?"

"இங்கிலீஷ்காரன் ஊர் மரம்," என்றார் நர்ஸம்மா.

"அதான். நம்ம காத்து அதுக்கு ஒத்துக்கல. அவனுக்கே ஒத்துக்காம கப்பல் ஏறிட்டான். வண்டிய கடக்கரைக்கு இட்டாந்து வுடு. நான் கட்டித் தரேன்."

"கார் கட்டியிருக்கியா நீ?"

"நாலு புள்ளைங்க பொறக்கறதுக்கு முன்னாடி நான் அப்பனா இருந்துகீறனா?"

நர்ஸம்மாவுக்கு வேறு வழி இல்லை. ஆவணி மாதத்து முதல் திங்களன்று, உளுத்த மரத்தையெல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, என்ஜினும் சக்கரங்களும் அடிச்சட்டமும் மட்டுமாகக் காரைக் குப்பத்து மணலில் நிறுத்தினார்கள். கறிக்கடையில் தொங்குகிற ஆடு மாதிரி இருந்தது.

அந்தக் கடற்கரையின் படகுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஆணி இருக்காது. மாம்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, நடுவே நாரைத் திணித்து, தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்துவிடுவார்கள். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் சாமான்களெல்லாம் இப்படித் தைத்த மசூலாப் படகுகளில்தான் கரைக்கு வந்தன என்று படித்திருக்கிறேன். ஓடாவி காரையும் அப்படியே தைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அவர் கதவை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஆணியே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆணி அடிச்சா அலையில பலக பொளந்துடும் நைனா. தெச்சா அலையோட சேந்து ஆடும்."

"ரோட்டில் அலை இல்லையே?"

"நீ எண்ணூர் ரோட்ல போயிருக்கியா?"

போனதில்லை. ஆனாலும் அடிச்சட்டத்தோடு உடம்பைச் சேர்க்கும் இடத்தில் பழைய போல்ட்டுகளை முறுக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒப்புக்கொண்டு முறுக்கினார். பிறகு போல்ட்டுகளின் மேல் நம்பிக்கை வராமல் அவற்றுக்கும் மேலே கயிறு சுற்றினார்.

நர்ஸம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் கீழேயிருந்து தெறித்துப் பஞ்சும் துணியும் நனைந்துவிடுகின்றன, அப்படி நனையாமல் செய்து கொடு என்றார். கடலில் தைத்த படகு கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், மொண்டு ஊற்றிக்கொண்டே போவார்கள். ஆனால் இது நர்ஸம்மாவின் படகு. தாரையும் குங்கிலியத்தையும் காய்ச்சி, தரைப் பலகைகளுக்கு உள்ளும் புறமும் தடவி, ஒரு சொட்டுப் போகாதபடி அடைத்தார். மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லாமல் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் பூசினார். எல்லாம் காய்ந்த பிறகு, வழக்கப்படி முழு வண்டிக்கும் மீன் எண்ணெய் தடவினார். நர்ஸம்மா வண்டியில் ஏறியதும் குப்பத்துப் பூனைகளும் ஏறின.

நான் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் எதைக் கண்டாலும் வாங்குபவன். உலக யுத்தம் தொடங்கிய ஆண்டில் வந்த மோட்டார் வாகனச் சட்டமும் அப்படி வாங்கியதுதான். வாங்கியவன் உடனே படித்திருக்கலாம். புரட்டாசி நடுவில், வண்டி முழுதாகத் தயாரான பிறகுதான் படித்தேன். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியின் உடம்பை மாற்றினால் அதைத் தெரிவிக்க வேண்டும், அதிகாரி வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டு புத்தகத்தில் திருத்த வேண்டும் என்று அதில் இருந்தது. மாடியிலிருந்து இறங்கிப் போய் நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

"இத முன்னாடியே படிக்கறதுக்கு என்ன தம்பி?" என்றார்.

அன்றே விண்ணப்பம் எழுதினேன். நல்ல கையெழுத்தில், இரண்டு பிரதி.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியை எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வண்டிகளுக்காக அவர் வியாழக்கிழமைதோறும் ராயபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு காலி இடத்துக்கு வருவார். புரட்டாசிக் கடைசி வியாழன் காலை பத்து மணிக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா ஓட்டினார், நான் பக்கத்தில், ஓடாவி பின்னால். ஓடாவி வெள்ளை வேட்டி கட்டி, புதுப் படகு கடலில் இறங்கும் நாள்போலக் காரின் மூக்குக்கு ஒரு மாலை போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கையில் குடை, காதில் பென்சில். வண்டியை மூன்று முறை சுற்றினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார். கதவுத் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"என் கார் சார்."

"கார்னு தெரியறது. தையல் எதுக்கு?"

ஓடாவி முன்னால் வந்தார். "ஆணி அடிச்சா பொளந்துக்கும் சார்."

"நீங்க யாரு?"

"நான்தான் கட்னவன்."

"எந்தப் பட்டறை?"

"கடக்கரை சார்."

இன்ஸ்பெக்டர் தம்முடைய புத்தகத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து நெடுநேரம் படித்தார். பிறகு வண்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தம் பலமெல்லாம் கொண்டு உலுக்கினார். வண்டி ஆடியது, ஒரு முனகல்கூட இல்லை.

"உறுதியா இருக்கணும்னுதான் எழுதியிருக்கு. ஆணி இருக்கணும்னு எழுதலை," என்றார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது.

அடுத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனார். ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்டத்திலும் இரும்பில் ஒரு எண் கொத்தியிருக்கும். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்து வரும் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். இது அந்த வண்டிதான் என்பதற்கு அதுதான் சாட்சி. உடம்பு முழுதும் மாறிப்போன ஒரு வண்டிக்கு வேறு சாட்சி கிடையாது.

வெளியே வந்தபோது அவர் மூக்கு நுனியில் தார்.

"நம்பர் எங்கே?"

"நாலு கை பூசிகீறேன் சார்," என்றார் ஓடாவி பெருமையாக. "அடி பூரா. துரு கிட்டக்க வராது."

"துரு மட்டுமா, நானே கிட்ட வர முடியலை." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார், தார் கன்னம் வரை பரவியது. "அம்மா, நம்பர் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வியாழன் காட்டுங்க. இல்லேன்னா இதைப் புது வண்டியாத்தான் பதியணும். அதுக்கு ஆதியிலிருந்து எல்லாத் தாளும் வேணும்."

அந்தத் தாள்கள் இங்கிலாந்தில் இருந்தன, என்ஜினீயரின் ஏதோ ஒரு பெட்டியில். கடிதம் போய் வருவதற்குள் அக்டோபர் முடிந்து கிறிஸ்துமஸும் முடிந்துவிடும். ஓடாவி வண்டியின் மூக்கிலிருந்து மாலையைக் கழற்றி, பின்னால் ஏறி, வீடு வரும்வரை மடியில் வைத்துக்கொண்டார்.

பதிவுப் புத்தகத்தில் எண் இருந்தது. அது இரும்பில் எந்த இடத்தில் கொத்தப்பட்டிருக்கிறது என்பது இல்லை. இரண்டு நாள் நான் வேலை முடிந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்து உளியால் சுரண்டினேன். தார் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். ஓடாவி குனிந்து பார்த்து, "இன்னா நைனா, படகு அடியில வேல பாக்கணும்னா யாரானா மல்லாக்க படுப்பாங்களா? சாச்சுப் போட்டுப் பாக்கணும். நாய்த்துக்கெழம கோயில் பூச முடிஞ்சி ஆளுங்கள இட்டாரேன்," என்றார்.

அந்த ஞாயிறு காலை பூசை முடிந்து நர்ஸம்மா மாதா கோயிலிலிருந்து வந்து சேர்வதற்குள், முந்தின மாலையே வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்த குப்பத்துக் கடற்கரையில் வேலை தொடங்கியாகிவிட்டது. நானும் அவரோடுதான் போனேன். இருபத்திரண்டு பேர், என் நோட்டில் எண்ணி எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் கழிகளைக் கொடுத்து நெம்பினார்கள், மறுபக்கம் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஏலேலோ போட்டுத் தூக்கி, குவித்து வைத்த பழைய வலைகளின் மேல் காரை ஒருக்களித்துச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மிக அழகாகச் செய்தார்கள். ஒரு கீறல் இல்லை. படகு என்றால் அத்தோடு முடிந்தது. இதற்குள் பெட்ரோல் இருந்தது, என்ஜின் எண்ணெய் இருந்தது, பேட்டரியில் அமிலம் இருந்தது. எல்லாம் குபுகுபுவென்று மணலில் கொட்டின.

நர்ஸம்மா முதலில் பார்த்தது அதை அல்ல. கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் வாயில் பீடி இருந்தது.

"டேய், பீடிய கடல்ல போடு," என்றார் சத்தம் உயர்த்தாமல்.

"இப்பதாம்மா பத்த வெச்சேன்."

"நீ பொறந்தப்போ தலைகீழா புடிச்சு முதுகுல தட்னேன். இப்பவும் தட்டுவேன்."

பீடி கடலுக்குப் போனது. மற்றவர்கள் சிரித்ததில் கயிறு தளர்ந்து வண்டி ஒருமுறை அசைந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உளிகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு இடத்தில் சுரண்டினார்கள். ஓடாவி காய்ச்சிய தார் சாமானியமானதல்ல, உளி வழுக்கியது. அரை மணி கழித்து ஓடாவியின் மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். கூடையில் மீன் விற்பவர் அவர்.

"இன்னாத்தக் கிழிச்சிகினு கீறீங்க இவ்ளோ பேரும்?"

"போடி. இது இரும்பு வேல."

"இரும்போ வஞ்சிரமோ, மேல இருக்கறது செதிலு."

கூடையிலிருந்து செதில் சுரண்டும் கத்தியை எடுத்து வந்தார். வாலிலிருந்து தலையை நோக்கிச் சுரண்டுவதுபோல், பின்சக்கரத்தின் பக்கத்தில் தொடங்கி எதிர்வாக்கில் இழுத்தார். தார் சுருள் சுருளாக வந்தது. இருபத்திரண்டு ஆண்களும் உளிகளைக் கீழே வைத்தார்கள். முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்துச் சட்டத்தில் அவர் கை நின்றது.

"இங்க என்னமோ எழுதிகீது."

கோணி ஊசியால் எழுத்துகளின் இடுக்குகளை நோண்டிச் சுத்தம் செய்தார். நான் மண்டியிட்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், நர்ஸம்மா பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். கடைசி எண்ணுக்கும் "ம்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். ஓடாவியின் மனைவி கத்தியை மணலில் தேய்த்துத் துடைத்துவிட்டு, "நேரமாச்சி, நான் யாவாரத்துக்குப் போறேன்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வண்டியை நிமிர்த்தி, புது எண்ணெய் ஊற்றி, பேட்டரியை மாற்றி, மறுபடி கிளப்புவதற்குப் புதன்கிழமை ஆயிற்று.

ஐப்பசி முதல் வியாழன். விடிகாலையிலிருந்தே மழை. எட்டு மணிக்கு எண்ணூர்க் குப்பமொன்றிலிருந்து சைக்கிளில் ஒருவர் நனைந்துகொண்டு வந்தார், தன் மனைவிக்கு லேசாக வலி கண்டிருக்கிறது என்று. தலைப்பிரசவம், மதியம் வரைக்கும் பொறுக்கும் என்று நர்ஸம்மா கணக்கிட்டார். மருந்துப் பையை வண்டியிலேயே வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் இந்த முறை வண்டிக்கு அடியில் போவதற்கு ஒரு கோணியும் மூக்குக்கு ஒரு துணியும் கொண்டுவந்திருந்தார். எண்ணைப் பார்த்தார், தாளில் எடுத்தார், ஒப்பிட்டார். "இது அந்த வண்டிதான்," என்றார். "ஓட்டிப் பார்த்துடலாம்."

நர்ஸம்மா ஓட்ட, அவர் முன்னால் உட்கார்ந்தார். நானும் ஓடாவியும் பின்னால். சரக்கு ரயில் தண்டவாளங்களைக் குறுக்கே தாண்டினோம். மற்ற வண்டிகள் அங்கே தகரக்கடை உருண்ட மாதிரி சத்தம் போடும். எங்கள் வண்டி ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "சத்தமே வரலையே."

"தெச்சது சார்," என்றார் ஓடாவி, வெளியே பார்த்தபடி.

துறைமுகத்து மதிலோரம் நீண்ட ரோடு காலியாக இருந்தது. வேகமாகப் போய், நான் சொல்லும்போது பிரேக் போடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னார். நர்ஸம்மா மிதித்தார், கால் வழுக்கியது. மறுபடி மிதித்தார். வண்டி நேராகத்தான் நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அடுக்கி வைத்த பீப்பாய்களுக்கு ஒரு முழம் முன்னால். கூரையின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவருடைய செருப்பில் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பக்கங்களில் அடித்த மழை உள்ளே விழுந்து, வெளியே போக வழியின்றிக் கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. பிரேக் மிதி தண்ணீருக்குள் இருந்தது.

"பிரேக்கில் தப்பில்லை," என்றார். "தண்ணி உள்ள நிக்கறதுதான் தப்பு. முன்னால தரையில ரெண்டு ஓட்டை போடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன். ஓட்டை இல்லாம போட மாட்டேன்."

எனக்கு இது மிகச் சின்ன விஷயமாகத் தோன்றியது. ஓடாவி எப்போதும் தம் கருவிப் பையோடுதான் திரிவார், துளை போடும் துரப்பணம் அதில் இருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் முகம் கல்லாக இருந்தது.

"நான் போட மாட்டேன்."

"ஏன்?" என்றார் நர்ஸம்மா.

"நான் கட்ன அடியில நானே ஓட்ட போட்டேன்னு குப்பத்துல தெரிஞ்சா, நாளைக்கு என் படகுல ஒருத்தன் கால வெப்பானா? எங்க அப்பா போட்டதில்ல, அவரு அப்பா போட்டதில்ல."

"இது கடல்ல போகாதுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீ இன்னா சொன்னாலும் அடி அடிதான் சார். வேற எதுனா சொல்லு, செய்யறேன். கூரைய தாழ்த்தித் தெச்சுத் தரேன். பக்கத்துல பாய் கட்டறேன். தண்ணி மொள்ள சிரட்ட வெக்கறேன்."

"ஓட்டற அம்மா சிரட்டையால மொள்ளுவாங்களா, ஸ்டியரிங் புடிப்பாங்களா?"

"அது உன் பேஜாரு சார்."

நர்ஸம்மா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். பிறகு வண்டியைவிட்டு இறங்கி மழையில் நின்று ஓடாவியைப் பார்த்தார்.

"இன்னிக்கு விட்டா அடுத்த வியாழன். அதுவும் தவறினா மாசம் ஓடிடும். என்ன வார்டுக்கு அனுப்பிச்சுடுவாங்க. சரி, அத வுடு. நீ பஞ்சும் துணியும் நனையக்கூடாதுன்னு பாத்து பாத்து அடச்ச. எனக்காகத்தான் செஞ்ச. ஆனா இப்போ கால் வழுக்கிச்சே, அந்தப் பீப்பாய்க்கு முன்னாடி ஒரு கொழந்த நின்னிருந்தா?"

ஓடாவி வேட்டி நுனியைப் பிழிந்தார். பிழிந்ததை மறுபடி பிழிந்தார்.

பிறகு கருவிப் பையைத் திறந்து, துரப்பணத்தை எடுத்து, யார் கையிலும் கொடுக்காமல் வண்டியின் படியில் வைத்தார். பத்து அடி தள்ளிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்து மதிலைப் பார்த்து நின்றார்.

"நான் பாக்கல," என்றார் மதிலிடம்.

நர்ஸம்மா புடவையைச் செருகிக்கொண்டு மிதிகளுக்குப் பக்கத்தில் குனிந்தார். துரப்பணத்தின் நுனியைப் பலகையில் வைத்து, மேலே ஒரு கையால் அழுத்தி, மறுகையால் சுற்றத் தொடங்கினார். நாலைந்து சுற்று ஆகியிருக்கும்.

"சாயுது," என்றது மதில் பக்கத்துக் குரல்.

நர்ஸம்மா நிமிர்த்தினார்.

"இன்னும் சாயுது. சத்தத்திலியே தெரியுது. கைய நேரா வெச்சுக்கோ. அழுத்தாதே, அது பாட்டுக்கு எறங்கும்."

"நீ பாக்கலதானே?" என்றார் நர்ஸம்மா.

"பாக்கல. தையல் கிட்ட போவாதே. ரெண்டு விரல் தள்ளிப் போடு."

இன்ஸ்பெக்டர் குடையை நர்ஸம்மாவின் தலைக்கு மேல் பிடித்திருந்தார், அவர் முதுகெல்லாம் நனைந்தது. முதல் துளை விழுந்ததும் தண்ணீர் சுழன்று அதில் இறங்கியது. இரண்டாவது துளைக்கு ஓடாவியின் குரலே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தார். தரை காலியான சத்தம் கேட்டதும் திரும்பி வந்து, யாரும் கேட்காமலே குனிந்து இரண்டு துளைகளின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார்.

மறுபடி அந்த ரோட்டில் போனோம். இன்ஸ்பெக்டர் சொன்னார், நர்ஸம்மா மிதித்தார், வண்டி நின்றது. இந்த முறை பீப்பாய்கள் வெகு தூரத்தில் இருந்தன. கூரைக்குக் கீழே, மடியில் பலகை வைத்து, பதிவுப் புத்தகத்தில் மாற்றங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மை உறிஞ்சும் தாள் கொடுத்தேன்.

நர்ஸம்மா புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"மூணு பேரும் எறங்குங்க."

"அம்மா, நான் ஆபீசுக்குப் போகணுமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"டிராம் வரும் சார். எனக்கு எண்ணூர்ல ஆள் காத்துகினு இருக்கு."

இறங்கினோம். வண்டி வடக்கே திரும்பியது. அதன் அடியிலிருந்து தண்ணீர் இரண்டு கோடாக வழிந்துகொண்டே போனது. ஓடாவி அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்க்கச் சங்கடப்பட்டு, முன்னதாகவே தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே குடையின் கீழ் மூவரும் டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு ஓடாவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், அந்தப் புக்குல கட்னவன் பேரு எழுதினியா?"

"இல்லைய்யா. அதுக்கு அதுல இடம் கிடையாது. வருத்தப்படாதே."

"வருத்தமா," என்றார் ஓடாவி, முதல்முறையாக அன்று சிரித்து. "நல்லதாப் போச்சி சார். வா, டீ குடிக்கலாம்."